குழி விழுந்த மெழுகுவர்த்தி



நம் கூட்டமைப்பின் ஆண்டு விழா மலருக்கு ஒவ்வொரு குழுவும் தன் தொழிலின் வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். கறவை மாட்டுக் குழு, கருவாட்டுக் குழு, தையல் குழு எல்லாரும் முன்னுக்கு வந்த கதையை எழுதுவீர்கள். எங்கள் மெழுகுவர்த்திக் குழுவிடமும் அப்படி ஒரு கதை உண்டு. ஆனால் நான் எழுத நினைப்பது அதற்கு முந்திய கதை: 126 ஜாடி மெழுகுவர்த்திகள் சரியாக எரியாமல் எங்கள் வாசலுக்கே திரும்பி வந்த கதை. அப்போது ஊக்குநராக இருந்து கையெழுத்துப் போட்டது நான்தான். அதனால் எழுத வேண்டியதும் நானே.

எங்கள் ஊர் வேளாங்கண்ணிக்குத் தெற்கே இருக்கிறது. ஆகஸ்ட் 29 கொடியேறினால் செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை எங்கள் பக்கத்து ரோடெல்லாம் ஜனம் நடந்துகொண்டே இருக்கும். வருகிறவர் கையில் ஒரு மெழுகுவர்த்தியாவது இருக்கும். ஆகவே குழு ஆரம்பித்தபோது, எந்தத் தொழில் செய்யலாம் என்று நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. அலுமினிய அச்சு இரண்டு வாங்கினோம். பாரஃபின் மெழுகுப் பலகையை உடைத்து உருக்கி, அச்சில் நூல் கோத்து, ஊற்றி, ஆறவைத்து எடுப்போம். பன்னிரண்டு பேரும் முறை வைத்து வேலை பார்த்தோம். குச்சி மெழுகுவர்த்தியில் எங்கள் கை நன்றாகப் பழகியிருந்தது. ஒழுகாமல், வளையாமல் நின்று எரியும்.

2018 திருவிழா முடிந்த கையோடு, சென்னையில் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கிற ஒருவர் வந்தார். கண்ணாடி ஜாடியில் ஊற்றிய வாசனை மெழுகுவர்த்தி 200 வேண்டும், தீபாவளிக்கு விற்கணும் என்றார். மூன்று அங்குல அகல ஜாடி, உள்ளே 200 கிராம் மெழுகு, மல்லிகை வாசனை. விலை நாங்கள் கனவில்கூடக் கேட்டிராத விலை. குழுவின் சேமிப்பிலிருந்து 18,000 ரூபாய் உள்கடன் எடுத்து ஜாடி, மெழுகு, வாசனை எண்ணெய், லேபிள் எல்லாம் வாங்கினோம். திரி மட்டும் வாங்கவில்லை. குச்சி மெழுகுவர்த்திக்கு வைத்திருந்த நூலே நிறைய இருந்ததே!

தீபாவளி நவம்பர் 6. அதற்கடுத்த வாரம் பார்சல் லாரியில் 126 ஜாடிகள் திரும்பி வந்தன. அதில் 31 எரித்துப் பார்த்தவை, மீதி அப்படியே இருந்தவை. எரித்த ஜாடிகளைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நடுவில் மட்டும் கிணறு தோண்டினாற்போலக் குழி. சுற்றிலும் உருகாத மெழுகு கெட்டியாகச் சுவர் மாதிரி நிற்கிறது. குழிக்கு அடியில் உருகிய மெழுகில் திரி மூழ்கி அணைந்து கிடக்கிறது. பாதி மெழுகுகூடச் செலவாகவில்லை.

அந்த வாரக் கூட்டத்தை என்னால் மறக்க முடியாது. குழுவில் ஒரு தங்கச்சி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அக்டோபரில் கடன் கேட்டிருந்தாள். பணம் ஜாடியில் முடங்கிக் கிடந்ததால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தோம். அவள் எழுந்து நின்று கேட்டாள்: "எம் மவ பீஸுக்குக் கேட்டப்ப பணம் இல்லன்னீங்க. இந்த ஜாடிக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு? அனுப்புறதுக்கு முன்னாடி ஒண்ணையாவது கடைசி வரைக்கும் எரிச்சுப் பாத்தீங்களாக்கா?"

பார்க்கவில்லை. ஏற்றி, சுடர் நிற்கிறதா என்று பத்து நிமிடம் பார்த்து ஊதி அணைத்தோம், அவ்வளவுதான். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் சேமிப்பை எடுத்துக்கொண்டு விலகுவதாக அவள் சொன்னதைத் தீர்மானப் புத்தகத்தில் என் கையாலேயே எழுதினேன்.

கஜா வந்த இரவு

அடுத்து நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். நவம்பர் 16 விடியும் முன்னே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா புயல் கரை கடந்தது. விடிந்து பார்த்தால் தென்னை ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. மின்கம்பங்கள் ரோட்டில் கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. கடைகளில் இருந்த குச்சி மெழுகுவர்த்தி முதல் நாளே தீர்ந்துபோனது. எங்கள் இருப்பு திருவிழாவிலேயே விற்றுத் தீர்ந்திருந்தது. மிச்சம் இருந்தது அந்த 126 ஜாடிதான்.

இடிந்த கொட்டகை ஓரமாக நின்றபடியே கூட்டம் போட்டோம். வீட்டுக்கு ஒரு ஜாடி, பள்ளிக்கூட முகாமுக்குப் பத்து, விலை கிடையாது என்று முடிவு. கொடுக்கக் கொடுக்க நஷ்டம் கூடும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இருட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டிருக்கிற வீட்டில் போய் யார் காசு கேட்பது?

ஜாடிக்குள் இருப்பதால் காற்றுக்கு அணையாமல் நின்றது, அது ஒரு நல்லது. ஆனால் இரண்டாம் நாளே புகார் வந்தது. குழி விழுந்து அணைந்துவிடுகிறது. சென்னையில் நடந்ததேதான் இங்கேயும்.

அணையாத ஜாடி ஒரே ஒரு வீட்டில் இருந்தது. சண்டை போட்ட அந்தத் தங்கச்சி வீடு. அவள் கூரை பிய்ந்துபோனதால் மழைத்தூறல் உள்ளே விழுந்தது. நிவாரணச் சாப்பாடு வந்த அலுமினிய டப்பாவின் அடியை வட்டமாக நறுக்கி, நடுவில் ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை போட்டு, ஜாடி வாயில் தொப்பி மாதிரி கவிழ்த்திருக்கிறாள். தூறலுக்காகச் செய்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சுவர் மாதிரி நின்ற மெழுகெல்லாம் உருகி, ஜாடி முழுக்கச் சமமாகக் குளம் கட்டியிருக்கிறது. சுடரின் சூடு மேலே போய் வீணாகாமல் தகட்டில் பட்டு ஓரத்துக்குத் திரும்பியிருக்கிறது.

"அக்கா, இது செத்துப்போன வர்த்தி இல்ல. ஓரம் உருகல, அவ்வளவுதான்" என்றாள். அன்று மாலையே முகாமில் உட்கார்ந்து பழைய டப்பாக்களை நறுக்கினோம். அந்த இரண்டு வாரத்தில் மொத்தம் 80 ஜாடிகள் போயின. பாதியில் அணைய வேண்டியவை ஐந்து, ஆறு ராத்திரி எரிந்தன.

ஏன் குழி விழுந்தது?

காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. என் மகள் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். மைக்கேல் ஃபாரடே என்ற இங்கிலாந்து விஞ்ஞானி மெழுகுவர்த்தியைப் பற்றி நடத்திய ஆறு சொற்பொழிவுகளின் புத்தகத்தை நூலகத்திலிருந்து கொண்டுவந்து, உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை கற்றுக்கொண்டே, கட்ட வந்த புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் சமயத்தில் பிள்ளைகளுக்காக இந்தச் சொற்பொழிவுகளை 1848-லும் மறுபடி 1860-லும் நடத்தினார். 1861-ல் புத்தகமாக வந்தது.

எரிவது திரி என்றுதான் நாம் நினைக்கிறோம். சுடரின் சூட்டில் மெழுகு உருகுகிறது, உருகியது திரி வழியாக மேலே ஏறுகிறது, அங்கே ஆவியாகிறது, அந்த ஆவிதான் எரிகிறது. திரி என்பது வாய்க்கால். எவ்வளவு மெழுகு மேலே போகும் என்பது வாய்க்காலின் அகலத்தைப் பொறுத்தது.

இன்னொன்றும் அவர் காட்டுகிறார். குச்சி மெழுகுவர்த்தி எரியும்போது, சுற்றியுள்ள காற்று பக்கவாட்டில் மேலேறி வெளிவிளிம்பைக் குளிர்விக்கிறது. அதனால் விளிம்பு உருகாமல் கிண்ணம் மாதிரி நிற்கிறது. உருகிய மெழுகு அந்தக் கிண்ணத்தில் தங்குகிறது, ஒழுகுவதில்லை. விளிம்பு உருகாமல் இருப்பதுதான் குச்சி மெழுகுவர்த்தியின் நல்ல குணம். அதற்காகத்தான் நாங்கள் இத்தனை வருடமும் மெல்லிய திரி போட்டோம்.

ஜாடியில் கதை தலைகீழ். மெழுகைத் தாங்கக் கண்ணாடி இருக்கிறது, விளிம்பு வேண்டியதில்லை. ஜாடி மெழுகுவர்த்தி பாதி மெழுகுவர்த்தி, பாதி அகல்விளக்கு. ஓரம் வரை உருகினால்தான் திரிக்குத் தீனி. மூன்று அங்குல ஜாடியில் முக்கால் அங்குலக் குச்சிக்கான திரியை வைத்தால் அது தன்னைச் சுற்றி மட்டும் உருக்கி, தான் தோண்டிய குழியிலேயே மூழ்கும். எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையே எங்களைக் கவிழ்த்திருக்கிறது.

திரிக்கு வந்த காலம்

இந்த மாதிரித் திண்டாடியவர்கள் நாங்கள் மட்டுமல்ல என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதல். ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான வருடம் ஏழை வீடுகளில் எரிந்தது மாட்டுக்கொழுப்பு, ஆட்டுக்கொழுப்பு வர்த்தி. கொழுப்பை உருக்கி, நூலை அதில் திரும்பத் திரும்ப முக்கி எடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. முறுக்கிய பஞ்சு நூல் எரிந்து சாம்பலாகாமல் கரிந்து நீண்டு நிற்கும். புகையும், ஒழுகும். அடிக்கடி ஒருவர் எழுந்து கத்தரியால் கரிந்த முனையை நறுக்க வேண்டும். அதற்கென்றே தனிக் கத்தரி இருந்தது.

பிரான்சில் செவ்ரெல் என்ற வேதியியலாளர் கொழுப்பைப் பிரித்து, அதிலிருந்து கெட்டியான ஸ்டியரிக் அமிலத்தை எடுத்தார். 1825-ல் கே-லுசாக் என்பவருடன் சேர்ந்து அதில் வர்த்தி செய்யக் காப்புரிமை வாங்கினார். மெழுகு நல்லதாகிவிட்டது, ஆனால் பழைய திரியோடு அது சரியாக எரியவில்லை. அதே 1825-ல் கம்பசேரே என்ற பொறியாளர் நூலை முறுக்காமல் சடை மாதிரிப் பின்னினார். பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளையும். வளைந்த நுனி சுடரின் வெளிப்பக்கச் சூட்டுக்குப் போய்த் தானாகவே எரிந்து சாம்பலாகும். பிறகு 1830-களில் தெ மில்லி என்ற தொழிலதிபர் திரியைப் போரிக் அமிலத்தில் நனைத்து எடுத்தார். அதன் பிறகுதான் கத்தரிக்கு ஓய்வு கிடைத்தது. இன்று நாம் ஏற்றும் பெரும்பாலான மெழுகுவர்த்திகளில் அந்தச் சடை இருக்கிறது.

நம் கையில் இருக்கிற பாரஃபினின் கதை வேறு. 1850-ல் ஜேம்ஸ் யங் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நிலக்கரியிலிருந்து பாரஃபின் எடுக்கக் காப்புரிமை பெற்றார். பிறகு மண்ணெண்ணெய் எடுக்கிற கச்சா எண்ணெயிலிருந்தே மெழுகு வந்தது. நம் நாட்டில் அசாமின் டிக்பாயில் 1901-ல் சுத்திகரிப்பு ஆலை வந்தது, அந்த ஊர் மெழுகுக்குப் பேர்போனது. சென்னை மணலி ஆலையிலும் பாரஃபின் மெழுகு எடுக்கிறார்கள்.

என் மனதில் பதிந்த இன்னொரு செய்தி 1860-ஆம் வருடத்து இங்கிலாந்துச் சட்டம். தெருவிளக்கு கேஸின் வெளிச்சத்தை அளக்க ஒரு மெழுகுவர்த்தியையே அளவுகோலாக வைத்தார்கள். திமிங்கில மெழுகில் செய்தது, ஒரு பவுண்டுக்கு ஆறு, மணிக்கு 120 கிரெய்ன் எரிய வேண்டும். நம் கணக்கில் ஏறக்குறைய 7.8 கிராம். மெழுகுவர்த்தியைத் தராசில் வைத்துப் பரிசோதிக்கலாம் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை!

நாங்களும் வைத்தோம். ஜாடியை எடை போட்டு, ஒரு மணி நேரம் எரித்து, மறுபடி எடை போட்டோம். பழைய நூல் மணிக்கு மூன்றரை கிராம்தான் எரித்தது. கடையில் நான்கு தினுசுப் பின்னிய திரி வாங்கிவந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். மிகத் தடித்தது நுனியில் காளான் மாதிரிக் கரி கட்டி, கண்ணாடியைக் கறுப்பாக்கியது. மூன்றாவது திரி மணிக்கு ஆறரை கிராம் எரித்து, மூன்று மணி நேரத்தில் ஓரம் வரை குளம் கட்டியது. அதுதான் எங்கள் ஜாடிக்குப் பொருத்தம்.

உங்கள் வீட்டு ஜாடி அணைந்தால்

இந்தத் தொழிலில் இல்லாத சகோதரிகளுக்கும் உதவும் என்பதால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. குழி ஆழமில்லை என்றால், ஜாடி வாயைச் சுற்றி அலுமினியத் தகடால் தொப்பி போட்டு, நடுவில் காற்றுப் போக ஓட்டை விட்டு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். பக்கத்திலேயே இருங்கள். தகடும் கண்ணாடியும் சுடும், வெறுங்கையால் தொடாதீர்கள். பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் ஒட்டிய வெள்ளித்தாள் வேண்டாம், தீப்பிடிக்கும்.

2. திரி மூழ்கிவிட்டால், ஆறிய பிறகு ஸ்பூனால் திரியைச் சுற்றியுள்ள மெழுகைச் சுரண்டி, கால் அங்குலம் திரி வெளியே தெரியும்படி விடுங்கள். சுரண்டியதைத் தூக்கிப் போடாதீர்கள், உருக்கி மறுபடி பயன்படுத்தலாம்.

3. சுடர் பெரிதாகிப் புகைந்தால் அணைத்து, ஆறவைத்து, திரியைக் கால் அங்குலத்துக்கு நறுக்குங்கள். ஒவ்வொரு முறை ஏற்றுமுன்னும் இதைச் செய்தால் நல்லது.

4. குழி பாதிக்குக் கீழே போய்விட்டால் திரியைத்தான் மாற்ற வேண்டும். பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து ஜாடியை அதில் நிறுத்தி, பிறகு மெதுவாகச் சூடேற்றுங்கள். குளிர்ந்த ஜாடியைக் கொதிநீரில் வைத்தால் விரிசல் விடும். மெழுகுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகக்கூடாது. உருகியதை மெல்லிய துணியில் வடித்து, ஜாடியைத் துடைத்து, பொருத்தமான திரியை அடித்தகட்டோடு நடுவில் ஒட்டி, மேலே குச்சியில் கட்டி நேராக நிறுத்தி ஊற்றுங்கள். ஆறும்போது மெழுகு சுருங்கித் திரி ஓரம் பள்ளம் விழும். கொஞ்சம் மெழுகு மிச்சம் வைத்திருந்து அதில் நிரப்புங்கள்.

5. புது ஜாடியை முதல் முறை ஏற்றும்போது, ஓரம் வரை உருகும்வரை அணைக்காதீர்கள். ஓர் அங்குல அகலத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு. முதல் நாள் பாதியில் அணைத்தால் அடுத்த முறையும் சுடர் அந்தப் பழைய வட்டத்துக்குள்ளேயே இறங்கும்.

6. அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் எரித்தால் கண்ணாடி வெடிக்கலாம். மெழுகில் தீப்பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது, மூடி போட்டு அணையுங்கள்.

கணக்கு முடிந்த விதம்

மிச்சம் 46 ஜாடிகளுக்கும் புதுத் திரி போட்டோம். மறுபடி உருக்கியதில் மல்லிகை வாசனை பாதி போய்விட்டது. அதனால் வாசனை என்று சொல்லாமல், விலையைக் குறைத்து அடுத்த திருவிழாவில் விற்றோம். சென்னைக் கடைக்காரர் திரும்ப வரவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. 18,000 ரூபாய் உள்கடனைக் குச்சி மெழுகுவர்த்தி விற்ற பணத்தில் வட்டியோடு அடைக்க 14 மாதம் ஆனது.

அந்தத் தங்கச்சி டிசம்பர் கூட்டத்துக்கு வந்தாள். விலகுகிறேன் என்று அவள் சொல்லியிருந்ததை நான் வாசிக்கும்போது, "அத அடிச்சிருங்கக்கா" என்றாள். அடிக்கவில்லை. அதன் கீழே, விலகல் திரும்பப் பெறப்பட்டது என்று எழுதினேன். இரண்டும் எங்கள் புத்தகத்தில் இருக்கின்றன, இருக்கட்டும். அவள் மகளின் கட்டணத்தை அந்த வருடம் வெளியே வட்டிக்கு வாங்கித்தான் கட்டினாள். அந்த வட்டியை எங்களால் திருப்பித் தர முடியவில்லை. ஜாடிகளை மீட்டோம், அதை மட்டும் மீட்க முடியவில்லை.

இப்போது எங்கள் குழுவில் சரக்கைப் பரிசோதித்து ஒப்புக்கொடுக்கும் பொறுப்பு அவளுடையது. ஒவ்வொரு புதுத் தினுசிலும் ஒன்றைக் கடைசிச் சென்டிமீட்டர் வரை எரித்து, எடை போட்டு, நோட்டில் குறித்து, அவள் கையெழுத்துப் போட்ட பிறகே பெட்டி கட்டுகிறோம். ஊக்குநர் கையெழுத்து அதற்குக் கீழேதான்.

புதுத் தொழில் தொடங்க நினைக்கும் குழுக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. கைவந்த தொழிலுக்குப் பக்கத்துத் தொழில்தானே என்று நம்பி இறங்காதீர்கள். முதலில் ஒன்றைச் செய்து, கடைசி வரை எரித்துப் பாருங்கள். குழுவில் குறை சொல்கிற சகோதரி இருந்தால் அவளை அந்த விளக்குக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.